திரும்பாத கழுத்து

கல்லூரி வண்டி நிறுத்துமிடத்தில் தார் கொதிக்கிறது. தரையில் வரைந்த மஞ்சள் கட்டத்துக்குள் பைக்கை வளைத்துத் திருப்ப வேண்டும். ஹார்லன் ஐந்தாவது தடவையாகக் கோட்டைத் தாண்டிக் காலை ஊன்றுகிறான். "தலையத் திருப்புய்யா ஹார்லன்! கண்ணு போற பக்கந்தான் வண்டி போகும்," என்று கத்துகிறாள் பயிற்சி தரும் டார்லா. இருபது வருடம் அண்ணாந்தே சீலிங்குக்குப் பலகை அடித்த கழுத்து திரும்பினால்தானே? தோளும் சேர்ந்தே வருகிறது; வண்டி கோணிக்கொள்கிறது. "தாத்தா, சீக்கிரம், நாங்களும் பாஸாகணும்," என்கிறாள் பின்னால் காத்திருக்கும் ஒருத்தி. "தாத்தாவா? நாப்பத்தாறுதாம்மா ஆகுது!" மதியம் லைசென்ஸ் பரீட்சை. தேறாவிட்டால், திங்கள்கிழமை பஸ் போகாத புது இடத்துக்கு வேலைக்குப் போக முடியாது, வேலையே போய்விடும். ஆறாவது தடவை வண்டி வளைவுக்கு வரும்போது, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் ஹெல்மெட்டைப் பிடித்துத் திருகுகிறான். கழுத்து மளுக்கென்கிறது. போக வேண்டிய வழி இப்போது நன்றாகத் தெரிகிறது. கைப்பிடியைப் பிடிக்கத்தான் கை இல்லை.