இன்னும் ஒரு விரற்கடை

"தம்பி, சீட்டை இன்னொரு விரக்கடை எறக்கிப்போடு. காலு தரைக்கு எட்ட மாட்டேங்குது."

துடியலூர் மெக்கானிக் அஃபான் ஸ்பேனரை வைத்துவிட்டு நிமிர்ந்தான். கோபாலசாமி வண்டியை விட்டு இறங்கவில்லை. இடது கால் பெருவிரலை மட்டும் தரையில் ஊன்றி, பட்டறைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் சுத்தமாக ரத்தமே இல்லை.

ஐம்பத்தாறு வயது. மோட்டார் பம்பு கம்பெனி முதலாளி. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம், ஆனால் கேட்டால் நாலு என்பார். அவர் வீட்டில் பேரனுக்குக் கதை சொன்னால்கூட நரி என்றுதான் சொல்வார்கள், குள்ளநரி என்று சொல்லிவிட்டு அப்புறம் யார் மல்லுக்கட்டுவது? அப்பேர்ப்பட்ட மனிதர், ஷோரூமில் இருந்ததிலேயே உயரமான பைக்கைப் பார்த்துத்தான் வாங்கினார். வாங்கிய வாரமே அஃபானிடம் கொடுத்து, இரண்டு பாதமும் பதிகிற மாதிரி இறக்கிக்கொண்டார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் சத்தியமங்கலம் மலைதான்.

"போன மாசந்தானுங்கண்ணா சீட்டுப் பஞ்சைச் செதுக்குனோம். அதுக்கு முந்தின மாசமும் செதுக்கிருக்குதுங்க."

"அதையேதான் நானுஞ் சொல்றேன்." கோபாலசாமி குரலைத் தாழ்த்தினார். "சீட்டு எறங்கிட்டே இருக்குது. காலு எட்டாமப் போயிட்டே இருக்குது. அப்ப எது குறையுதுன்னு நீயே சொல்லு."

அஃபான் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தான்.

அதற்குள் ரங்கநாயகியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. இப்போதெல்லாம் கணவர் வண்டியை எடுத்தால் அவளும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுகிறாள்.

"ஏனுங்க, நேத்து நம்ம வீட்டு கேட்டுக்கிட்ட வண்டியோட சாயப் பாத்தீங்களே, அதைச் சொன்னீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று சீறியவர், உடனே அடங்கிவிட்டார். "பேண்டுகூடத் தரையைக் கூட்டுது தம்பி. போன தீவாளிக்கு எடுத்தது. அன்னைக்குச் சரியாத்தான் இருந்துச்சு."

"வயசானா எல்லாருமே கொஞ்சம் குறைவாங்களாமுங்கண்ணா."

"இது கொஞ்சமா? எலும்பு உள்ளுக்குள்ளயே கரையற மாதிரி ஒரு நோவு இருக்குதாம். செல்போன்ல பாத்தேன். ஆளு அப்படியே சுருங்கிச் சுருங்கி, கடைசில படுத்த படுக்கைதானாம். ரெண்டு மாசமா மலைப் பக்கமே போகலை. வளைவுல நிறுத்தோணும்னா காலை எங்க ஊனறது? பயமா இருக்குது."

"அளந்து பாத்தீங்களா?"

"டேப்பைக் கையில எடுத்தேன். பிரிக்கறதுக்குத் தகிரியம் வரலை. திரும்பப் பீரோவுல வெச்சுப் பூட்டிப்போட்டேன்."

ரங்கநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "டாக்டரைப் பாக்கலாம்னு சொல்லிச் சொல்லி என்ற வாயே வலிச்சுப்போச்சு தம்பி. போனா இல்லாத நோவையும் சேத்து எழுதிப்போடுவாங்கன்னு சொல்லிட்டே இருக்கறாரு."

"நீ சும்மா இரு. அவன் செதுக்கட்டும், பாக்கலாம்."

கோபாலசாமி ஒருவழியாக இறங்கினார். இறங்குவதென்றால் சும்மா இல்லை, அஃபானின் தோளைப் பிடித்துக்கொண்டு, குழந்தை கட்டிலிலிருந்து இறங்குவதுபோல வயிற்றை உரசிக்கொண்டு இறங்கினார். அஃபான் சீட்டைக் கழற்றி, உறையை விலக்கிக் காட்டினான்.

"இனிச் செதுக்க ஒண்ணுமில்லீங்கண்ணா. பஞ்சு முடிஞ்சுபோச்சு. இதுக்குக் கீழே தகடுதானுங்க."

கோபாலசாமி அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். சாலையில் மேட்டுப்பாளையம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் அண்ணாந்து அஃபானின் முகத்தைப் பார்த்தார். இவ்வளவு அண்ணாந்துதான் முன்பும் பார்த்தோமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ரங்கநாயகி."

"சொல்லுங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் நட."

"நாளைக்குக் காத்தாலயுங்களா?"

"இப்பவே. தலையிலிருந்து காலு வரைக்கும் என்னென்ன டெஸ்டு இருக்குதோ அத்தனையும் எடுக்கச் சொல்லு. இருக்கற உசரமாவது தங்கட்டும்." சாவியை அஃபான் கையில் திணித்தார். "இது இங்கயே கெடக்கட்டும் தம்பி. எனக்கு இதைப் பாக்கவே பயமா இருக்குது."

கண்ணைத் துடைத்தபடி, வெளியே நின்ற ஸ்கூட்டரின் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ரங்கநாயகி ஒரு நிமிடம் பின்தங்கினாள். அஃபான் தலையைச் சொறிந்தான். "அக்கா, எனக்கு நெஞ்சு பதறுதுங்க. நீங்க சொன்ன மாதிரி மேலே பஞ்சைச் செதுக்கிக் காட்டறது, அண்ணன் அந்தப் பக்கம் போனதும் கீழே பின் சக்கரத்து ஸ்பிரிங்கை இறுக்கி வண்டியைத் தூக்கி உட்டுடறது. இனி என்னால ஆகாதுங்க. பாவமுங்க அண்ணன்."

"இனி வேண்டாந் தம்பி, இறுக்குனதையெல்லாம் அவுத்து உட்டுப்போடு. நானும் பிரிச்சு உட்ட பேண்டு மடிப்பைத் திரும்ப ஏத்தித் தெச்சுப்போடறேன். நெஞ்சைப் புடிச்சுட்டு ரெண்டு தடவை மயங்கி விழுந்தப்பக்கூட ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு அடம்புடிச்ச மனுசன், குள்ளமாயிட்டு வர்றோம்னதும் தானா வந்து வண்டியில உக்காந்துட்டாரு பாரு."