பலவேசத்தின் மரியாதை

தென்காசிப் பண்ணையார் முன்னால் பலவேசம் உட்கார்ந்ததே கிடையாது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஆட்களெல்லாம் முற்றத்தில் குந்தியிருக்க, அவன் மட்டும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பான்.

“மருவாதின்னா இவன்ட்ட படிக்கணும்லே” என்பார் பண்ணையார்.

மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது. முழங்கால் வாதம். உட்கார்ந்துவிட்டால் எழுப்ப ஆள் வேண்டும். நின்றும் நடந்தும் ஓட்டிக்கொண்டிருந்தான். விஷயம் தெரிந்தால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள்.

பண்ணையாரோ, வெள்ளைக்காரத் துரை வந்தபோதுகூட நாற்காலியை விட்டு அசையாதவர். அந்த மிடுக்கைப் பற்றிக் குற்றாலம் வரைக்கும் பேச்சு.

அன்று சாரல் திடீரென்று வலுத்தது. ஆட்களெல்லாம் எழுந்து தொழுவத்துக்குள் ஓடினார்கள். பலவேசத்தால் ஓட முடியவில்லை. பண்ணையாரும் நனைந்துகொண்டே நாற்காலியில் இருந்தார். மழைக்குக்கூட எழுந்திருக்க மாட்டாராக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

“நீ ஏம்லே ஓடல?”

“எசமான் நனையும்போது நான் ஓடலாமா?”

பண்ணையார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அப்ப ஒரு கை குடு. மூணு வருசமா முட்டு கொல்லுது. தனியா எந்திரிக்க முடியல. வெளிய மூச்சு விட்டிராத.”

பலவேசம் காலை ஊன்றி, குனிந்து இழுத்தான். ‘சடக், சடக்’ என்று இரண்டு சத்தம் கேட்டது.

பண்ணையார் அவன் கையை விடவில்லை.

“ஒண்ணு என் முட்டு. இன்னொண்ணு யாருதுலே?”