ஜெனரலுக்கு வைத்த நேர்த்தி

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு மலையேறினாள் அருள்நாயகி. உச்சிக் குகையில் புனிதை சாந்தா ரொசாலியா இருக்கிறாள். இத்தாலியின் பலெர்மோ நகரத் தமிழர்கள் சைவமோ கிறிஸ்தவ வேதமோ, நேர்த்தி வைத்தால் இந்த மலைக்குத்தான் வருவார்கள்.

"ஆருக்கு அக்கா நேர்த்தி?" என்றாள் கூட வந்த கேசிகா.

"நான் பாக்கிற ஜெனரலுக்கு. அவர் எழும்பி நல்லாய் நடக்கவேணும்."

கேசிகா நடுவழியில் நின்றுவிட்டாள். "உங்களுக்கென்ன விசரே? உங்கட தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போன ஆமிப் பெரியவன் ஒரு தண்டனையும் இல்லாமல் நித்திரையிலையே செத்துப்போனான் எண்டு கேட்டு, அண்டைக்கு எப்பிடி அழுதனியள்? உந்தக் கிழவனும் அவனைப் போலதானே."

"தெரியும். நீ நட."

கேசிகா சொன்னதில் பொய்யில்லை. கிழவர் ஒரு காலத்தில் கடலுக்கப்பால் தன் சொந்த நாட்டையே டாங்கிகளோடு பிடித்தவர். தன் நெஞ்சில் தானே பதக்கம் குத்திக்கொண்டார். எதிர்த்துக் கதைத்தவர்கள் வீடு திரும்பவில்லை. பாண் விலை ஏறி சனம் தெருவுக்கு இறங்கிய அன்று, அவருடைய டாங்கிகளே அரண்மனைப் பக்கம் திரும்பின. சமையல்காரனின் கோட்டை மாட்டிக்கொண்டு விமானம் ஏறியவர், பலெர்மோவின் சந்தைப் பகுதியான அல்பெர்கேரியாவில் மகள் வீட்டுக் கட்டிலில் வந்து விழுந்தார்.

அவரை எழுப்பும் வித்தை அருள்நாயகிக்கு மட்டும்தான் தெரியும். காலையில் ஜன்னலைத் திறந்து, "ஜெனரல், சனம் வந்திட்டுது" என்பாள். கீழே சந்தை இரையும். கிழவர் சிலிர்த்துக்கொண்டு எழும்பி, ஊன்றுகோல் இல்லாமல் பல்கனிக்கு நடந்து, கத்தரிக்காய்க்கும் தக்காளிக்கும் சல்யூட் அடிப்பார்.

மகளுக்கு அது அறவே பிடிக்காது.

"அப்பாவை நடக்க வைக்காதே. படுத்திருக்கட்டும். இந்த வேலை போனால் உன் பெர்மெஸ்ஸோவும் போகும், பிறகு இந்த நாட்டில் நீ இருக்க முடியாது."

"கட்டிலிலையே கிடந்தால் செத்துப்போவார், சின்யோரா. நான் சாக விடமாட்டன்."

சின்யோரா சொத்துக்குக் காத்திருக்கிறாள் என்பது கேசிகாவின் கணக்கு.

மலையேறிய மறுநாள் சின்யோரா அவளைச் சந்தைக்கு அனுப்பினாள். டாக்டர் வருகிற நாளெல்லாம் அப்படித்தான். பாதிப் படியில் டாக்டரும் கறுப்புக் கோட்டுப் பெண் ஒருத்தியும் எதிரே வர, அருள்நாயகி வெறும் பையோடு அவர்கள் பின்னாலேயே திரும்பி ஏறினாள்.

அறையில் சின்யோரா போர்வையைக் கிழவரின் தாடை வரை இழுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"எழும்பியே இரண்டு வருடமாகிறது, டொத்தோரே. யாரையுமே அடையாளம் தெரியாது. இந்த உடம்பை எப்படி அவர்களுடைய கோர்ட்டுக்கு அனுப்புவது?"

கிழவர் வாயைத் திறந்தபடி கிடந்தார். கோட்டுக்காரி அவருடைய நாட்டிலிருந்து வந்த வக்கீல். காணாமல் போனவர்களின் தாய்மார் அனுப்பிய பெண். அவள் முகம் விழுந்துவிட்டது. விசாரணைக்கு ஏற்ற உடம்பில்லை என்று எழுத டாக்டர் பேனையைத் திறந்தார்.

அருள்நாயகி யாரையும் கேட்காமல் ஜன்னலைத் திறந்தாள்.

"ஜெனரல், சனம் வந்திட்டுது."

கிழவரின் இமை துடித்தது. ஆனால் அவர் அசையவில்லை.

"உங்களைக் காணேல்லையெண்டு திரும்பிப் போகுதுகள்."

அதைத்தான் அவரால் தாங்க முடியாது. போர்வையை உதறி எறிந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பல்கனி வரை நடந்தார், சல்யூட் அடித்தார். திரும்பி, கதிரையில் இருந்த டாக்டரை முறைத்தார்.

"ஜெனரல் நிற்கும்போது உட்கார்ந்திருந்தவர்களை நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியுமா? எனக்கு ஒவ்வொருத்தனையும் ஞாபகம் இருக்கிறது."

வக்கீல் மெல்ல எழுந்து நின்றாள். டாக்டர் எழுதத் தொடங்கினார்.

அருள்நாயகி வாசல் கதவுத் திறப்பைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். சின்யோரா அவள் பக்கம் திரும்பினாள்.

"உன்னை எவ்வளவு நம்பினேன். அப்பா பிழைக்கவேண்டும் என்று வெறுங்காலோடு மலையேறினவள்தானே நீ?"

"ஓம், சின்யோரா. இதுக்குத்தான் ஏறினனான்."