குச்

றோசமலர் பெட்டியைக் கட்டிக் கதவருகே வைத்துவிட்டாள்.

பலேர்மோவில் பதினான்கு வருடமாக எத்தனையோ முதியவர்களைப் பராமரித்திருக்கிறாள். எச்சில் துடைத்திருக்கிறாள், ஏச்சும் வாங்கியிருக்கிறாள். நாயாக நடத்தியவர்கள் இல்லை. பெயரிலேயே றோசம் உள்ளவள், விடுவாளா?

"சிஞ்ஞோரா கட்டிலைத் தட்டித் தட்டி 'குச், குச்' எண்டு கூப்பிடுறா. இஞ்சை நாயைப் படுக்கச் சொல்றதும் 'குச்சா' எண்டுதானே? நான் பகேரியா ஊரிலை கேட்ட மற்ற வீட்டு வேலைக்கே போறன்," என்று காலையில் புருசனுக்குப் போனில் சொல்லியும் விட்டாள்.

அவள் இப்போது பராமரிக்கும் சிஞ்ஞோரா, அந்த வீட்டு அம்மா, வேல்ஸ் நாட்டுக்காரி. பலேர்மோக்காரர் ஒருவரைக் கட்டி, ஐம்பது வருடமாக வியா மக்வேதா தெருவில் இருப்பவர். பக்கவாதம் அவருடைய வலக்கையையும் இத்தாலிய மொழியையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது இடக்கையும் பிறந்த மொழியும்தான்.

சிஞ்ஞோராவின் மகள் வந்து காரணம் கேட்டாள். கேட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

குச் என்றால் அம்மாவின் ஊரில் மாடிப்படிக்குக் கீழே கரி போட்டுவைக்கும் சின்ன மூலையாம். பயந்த பிள்ளைகள் போய் ஒளியும் இடம். ஆளை நெஞ்சோடு அணைத்துக்கொள்வதற்கும் அதே சொல்தானாம். படுப்பதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லொன்றின் வயிற்றில் பிறந்தவைதானாம் 'குச்'சும் 'குச்சா'வும். இத்தாலிக்கு வந்தது நாயிடம் போனது. வேல்ஸுக்குப் போனது பிள்ளைகளிடம் போனது.

மடி, என்று நினைத்தாள் றோசமலர்.

அவளுக்கும் தாயின் மடி ஒன்று இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், பேன் பார்க்கிற சாட்டில் அவள் தலையை இழுத்துப் போட்டுக்கொள்ளும் மடி. எவ்வளவு கழுவினாலும் கருவாட்டு வாசம் போகாத மடி.

"பாவம், அம்மாவை யாராவது அணைக்க வேண்டியிருக்கிறது," என்றாள் மகள்.

அந்தக் கூப்பிடல் எப்போது தொடங்கியது என்று றோசமலருக்குத்தான் தெரியும். மூன்று கிழமைக்கு முன், மன்னாரில் அவளுடைய தாய் இறந்த மறுநாள். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி அட்டை புதுப்பித்து வராததால் அடக்கத்துக்குப் போக முடியாமல், குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இந்த வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. எவருக்கும் கேட்டிருக்காது என்றே நினைத்திருந்தாள்.

அந்த ஒற்றைக் கை மறுபடியும் கட்டிலைத் தட்டியது.

இதுவரை சிஞ்ஞோரா என்று மட்டுமே கூப்பிட்ட வாய், "ஓம் அம்மா, வாறன்," என்றது.