இடப்பக்கம் இழுக்கும் கார்

செங்கமலம் ஏறி ஓட்ட வசதியாக ஸ்பிரிங்கில் ஒரு பட்டையை எடுத்துக் காரைத் தாழ்த்தியதிலிருந்து, அது இடப்பக்கமே இழுத்தது.

“இன்னிக்குச் சரியாகலேன்னா வித்துடறேன்,” என்றார் கணவர் உப்பிலி.

செங்கமலத்துக்கு அந்தக் கார்தான் உயிர்.

மெக்கானிக் ஜலாலுதீன் தனியாக ஓட்டிப் பார்த்தார். “சக்கரம் நேராத்தான் கீது சார். எப்பவும்போல ரெண்டு பேரும் போங்க. நான் பின்னால குந்திக்கினு பாக்கறேன்.”

கார் கிளம்பியது.

“திருவிடந்தைக்கு எப்போ போலாம்?” என்றார் உப்பிலி. கார் இழுத்தது.

“நிறுத்தும்மா,” என்றார் ஜலாலுதீன்.

செங்கமலம் பிரேக்கை மிதித்தாள்.

“சார் பேசனா அவரு பக்கம் திரும்பறீங்க. ஸ்டீரிங்கும் கூடவே திரும்புது.”

கணவர் பேசினால் முகம் பார்த்தே பதில் சொல்லும் தன் பதிவிரதைத்தனம் சாலையில் இப்படியா கோணவேண்டும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். பிறகு, முதல் தடவையாக, அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“ஏன்னா, நீங்க பின்னாடி போய் உட்காருங்கோ.”