அக்கரைப் பேச்சு

ஊசியக்கா இயக்குநரைக் கண்டபடி திட்டிவிட்டாள் என்ற செய்தி தொகுப்பாளினியின் காதுக்குக் கடைசியாகத்தான் வந்தது.

இடைவேளையில் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, முகத்தில் பவுடரை ஒற்றிக்கொண்டு அவள் செட்டுக்குத் திரும்பினாள். அங்கே ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. ஊசியக்கா மட்டும் மூலையில் குனிந்து நூல்கண்டுகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன சார், இன்னும் முடிச்சுத் தையல் எடுக்கவே இல்லையே, அதுக்குள்ள பேக்கப்பா?”

“முடிச்சாவது, தையலாவது. அந்தம்மாவை வீட்டுக்குப் போகச் சொல்லியாச்சு,” என்றார் இயக்குநர். அவருக்குக் காது மடல்வரை சிவந்திருந்தது.

ஊசியக்கா தொலைக்காட்சியில் எம்பிராய்டரி சொல்லித் தருபவள். நாலு மாதமாக, வாரம் ஒருநாள், இரண்டு பஸ் மாறி வருகிறாள். கையில் அப்படியொரு நேர்த்தி. வாயைத் திறந்தால்தான் வம்பு. ஆற்றுக்கு அக்கரைப் பேச்சு. ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து, முடிகிற இடத்தில் ஒரு தூக்குத் தூக்குவாள்.

அவள் சொல்வதையெல்லாம் திருத்தமான தமிழில் திருப்பிச் சொல்வது தொகுப்பாளினியின் வேலை. சும்மா சொல்ல மாட்டாள். முதலில் அந்த இழுப்பை ஒருமுறை இழுத்துக் காட்டிவிட்டுத்தான் சொல்வாள். அச்சு அசலாக இருக்கும். கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

ஊசியக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வேறென்ன செய்வாள், பாவம்.

“என்னதான் ஆச்சு சார்?”

“யார்கிட்டயோ போன்ல என்னை வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்காங்க. பக்கத்துல மைக் ஆன்ல இருந்தது தெரியல. இங்க ஸ்பீக்கர்ல எல்லாரும் கேட்டோம்.”

“கூப்பிட்டு வாய்ப்புக் குடுத்த உங்களையேவா?” தொகுப்பாளினி மூலையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். “எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம்தான் சார். வாயில விரல் வச்சாக் கடிக்கத் தெரியாத மாதிரி இருப்பாங்க. நீங்க செஞ்சதுதான் சரி.”

“நீங்களே கேளுங்க மேடம்,” என்று ஒலிப்பதிவாளர் ஒரு பொத்தானை அமுக்கினார்.

“...அந்த ஆளுக்கு ஊசி எது, ஊக்கு எதுன்னே தெரியாது. அதிகாரம் மட்டும் ஆகாசம் வரைக்கும் இருக்கு. நானா இருக்கப் போய் பொறுத்துக்கிட்டுப் போறேன்...”

இழுத்து இழுத்து, கடைசியில் தூக்கிவிட்ட பேச்சு. கலப்படமில்லாத அக்கரைப் பேச்சு.

ஆனால் குரல் தொகுப்பாளினியுடையது.

அவளும் அக்கரைக்காரிதான். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பேச்சை அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. சத்தம் வெளியே கசியாது என்று நம்பித்தான் இன்றைக்குக் குரல் பதிவு அறைக்குள் போய்ப் பேசினாள். போகிற அவசரத்தில் மைக்கைப் பார்க்கவில்லை.

“இது அவங்கதான்னு எப்படி சார் தெரியும்?” என்று மெல்லக் கேட்டாள்.

“நல்லா கேட்டே போ. இந்தப் பேச்சு பேச நம்ம யூனிட்ல வேற யாரு இருக்கா? இதுக்குப் பதிவு அறைக் கதவை வேற திறந்து பாக்கணுமா? அந்தம்மா வராந்தாவுல துணிக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு நின்னாங்க. கூப்பிட்டு, இதைப் போட்டுக் காட்டி, நீங்கதானேன்னு கேட்டேன். முழுசாக் கேட்டாங்க. அப்புறம் ஆமா, நான்தான்னுட்டாங்க. மன்னிப்பும் கேட்டாங்க.”

நாலு மாதமாக இரண்டு பேர் குரலையும் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகள். பேச்சைக் கேட்டதோடு சரி, குரலை ஒருவரும் கேட்கவில்லை.

கீழே சிதறிக் கிடந்த ஊசிகளைப் பொறுக்கித் தருகிற சாக்கில் தொகுப்பாளினி மூலைக்குப் போய் உட்கார்ந்தாள்.

“ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?”

ஊசியக்கா தையல் வளையத்தின் திருகைத் தளர்த்தித் துணியை வெளியே எடுத்தாள். இத்தனை நாள் மேடம், மேடம் என்றவள் குரலைத் தாழ்த்தி, “தங்கச்சி” என்றாள்.

“முதல் நாளே தெரியும் எனக்கு. என்னை மாதிரிப் பேசிக் காட்டினே பாரு, அக்கரையில பொறக்காதவங்களுக்கு அந்தத் தூக்கு வராது. நீயா சொல்லாதப்ப நான் எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன். எனக்கென்ன, கையில ஊசி இருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்குவேன். உனக்கு இந்த வாய் ஒண்ணுதானே பொழப்பு.”

தொகுப்பாளினிக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ‘டிவியில நம்ம பேச்சு கேக்குதேன்னுதான் அந்தத் தையல்காரப் பொண்ணைப் பாக்கிறேன்’ என்று அம்மா சொல்லும்போதெல்லாம் தான் எரிந்து விழுந்தது ஞாபகத்துக்கு வந்து இன்னும் வெட்கமாக இருந்தது.

இப்பவே சொல்லிவிட வேண்டும். ‘அது நான்தான் சார்’ என்று மூன்றே வார்த்தை. ஊசியக்கா பையை அவிழ்த்துவிட்டுத் தையலைத் தொடரலாம்.

எழுந்து திரும்பினாள். இயக்குநர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா என்ன முணுமுணுக்கிறாங்க? உனக்காவது ஏதாவது புரிஞ்சுதா?”

“இல்ல சார்,” என்றாள் தொகுப்பாளினி. “ஒரு வார்த்தைகூடப் புரியல.”