தகரக் கண்

பெட்டியைத் திறந்ததும் முதலில் நாற்றம்தான் வந்தது.

காப்பாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அருங்காட்சியகக் கிடங்கில் அத்தனை காலம் பூட்டிக் கிடந்தும், உள்ளே இருந்த துணியில் வேர்வையும் சீழும் இன்னும் உயிரோடு இருந்தன.

கண்களை மூடிக் கட்டும் இரண்டு தகரக் குமிழ்கள். நடுவில் மூக்குக்கு ஒரு வளைவு. உள்பக்கம் பழுப்பேறிய கம்பளித் துணி. தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்ள இரண்டு நாடா.

அவருக்கு அருவருப்பாக இருந்தது வெளிப்பக்கம்தான். யாரோ பொறுமையாக உட்கார்ந்து அதில் கண்கள் வரைந்திருந்தார்கள். வெள்ளை, கருமணி, ஒவ்வொரு இமைமயிராக.

பழைய பார்வையற்றோர் விடுதி ஒன்றிலிருந்து வந்த பொருள். நன்கொடை தரும் பெரிய மனிதர்கள் வரும் நாளில் பிள்ளைகள் இதைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்று பாட வேண்டும். வெறும் முகத்தைப் பார்த்தால் வந்தவர்களுக்குக் குமட்டுமாம்.

த்தூ, என்றார், ஆளில்லாத அறையில்.

வைத்தியம் என்று கண்ணோரம் சுட்ட பித்தளைக் கோலையும், கண்ணாடிக் கண்கள் அடுக்கிய தட்டையும் காட்சிக்கு எடுத்து வைத்தபோதுகூட அவருக்கு இப்படி இல்லை.

இன்று கண்காட்சியைத் திறந்து வைக்கப்போவது அவருடைய அக்கா. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். அம்மா வேலைக்குப் போன நாட்களில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே உலை வைத்தவள். இந்தக் கண்காட்சியே அவளுக்காகத்தான்.

பழம்பொருளை வெறும் கையால் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். கையுறை போட்டால் அக்காவுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி என்று இயக்குநரிடம் மல்லுக்கட்டி, அவளுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தார்.

அக்கா வந்தாள். புதுத்துணி, படிய வாரிய தலை. அவரே அந்தத் தகரத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"சீ! என்னடா இது, செத்த எலியைக் கையில குடுக்குற?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். விருந்தாளிகள், வரிசை, பாட்டு, வரைந்த கண்கள்.

அக்காவின் விரல் வண்ணம் மேடிட்டிருந்த அந்தக் கருமணியில் நின்றது.

"கண்ணு வேறயா? யாரு பாக்குறதுக்கு, அந்தப் புள்ளைங்களா?" என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. அதைக் கட்டிவிட்டவர்களும் மனிதர்கள்தானா என்று பல்லைக் கடித்தார்.

வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. இன்று எடுக்கும் படத்தைப் பெரிதாக்கி, அருங்காட்சியக வாசலிலேயே நிரந்தரமாக மாட்டப்போகிறார்கள். அது அக்காவுக்கும் தெரியும். நேற்றே இரண்டு தடவை கேட்டிருந்தாள், என் மூஞ்சி நல்லாத் தெரியுமில்ல என்று. தெரியும் என்றுதான் அவரும் சொல்லியிருந்தார்.

புகைப்படக்காரர் கதவைத் தட்டினார்.

காப்பாளர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். காலையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி. விலைச்சீட்டைக்கூட வீட்டிலேயே கிழித்துப் போட்டிருந்தார்.

"ஃபிளாஷ் அடிப்பாங்கக்கா. கண்ணு கூசும். இதைப் போட்டுக்கோ."

அக்கா அதை வாங்கினாள். தடவிப் பார்த்தாள். ஒரு உள்ளங்கையில் தகரம், இன்னொன்றில் கண்ணாடி. தராசுத் தட்டுகளைப் போல இரண்டையும் ஏற்றி இறக்கினாள்.

"இது லேசா இருக்குடா," என்றாள். "இதுல கண்ணு வரையலையா?"